காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரையும் வெட்டை நோயும்

ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களைக் காணும் மாவட்டம் கன்னியாகுமரி. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை என்று வானம் இருமுறை திறக்கும்போது, சளியும் இருமலும் காய்ச்சலும் வீட்டுக்கு வீடு வந்து போகும். அந்த நாட்களில் ஏதாவதொரு முக்கிலுள்ள மெடிக்கலின் முன் மாலை வேளையில் சிறிது நேரம் நின்றால், ஒரே உரையாடல் திரும்பத் திரும்பக் காதில் விழும். "அண்ணே, தொண்ட வலி, ராத்திரி முழுக்கக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்ல, ஏதாவது தாங்க" என்பார் வந்தவர். "மூணு நாளைக்கு அசித்ரோ தாறேன் மக்ளே, மாறிரும்" என்பார் கடைக்காரர். அட்டையிலிருந்து மூன்று மாத்திரைகள் கத்தரித்துக் கொடுக்கப்படும். மருத்துவச் சீட்டு என்ற பேச்சே எழாது.

இந்தக் காட்சிக்கும் பால்வினை நோய்களுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் கொனோரியா என்று மருத்துவம் அழைக்கும் வெட்டை நோய்க்கு உலகில் இருந்த மருந்துகள் ஒவ்வொன்றாக ஏன் பயனிழந்தன என்று தேடிப் போகிறவர், பாலுறவின் தடத்தை மட்டும் பின்பற்றிச் சென்றால் பாதி உண்மையைத்தான் கண்டடைவார். மீதிப் பாதி, மழைக்காலத் தொண்டை வலிக்குக் கத்தரித்துக் கொடுக்கப்படும் அந்த மூன்று மாத்திரைகளில் இருக்கிறது. "அது அவர்களுடைய நோய், அவர்கள் செய்த தவறு" என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லப்படும் வாதம் நுண்ணுயிரியலின் முன் நிற்காது. அது ஏன் நிற்காது என்பதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொனோரியாவை உண்டாக்கும் பாக்டீரியாவை 1879ஆம் ஆண்டு ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டறிந்தார். நைசீரியா கொனோரியே என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. ஆண்களுக்குத் தொற்றிய சில நாட்களிலேயே சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும், மஞ்சள் நிறத்தில் சீழும் வரும். பெண்களில் பாதிப் பேருக்காவது எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அது வழக்கமான வெள்ளைப்படுதல் என்றே எண்ணப்பட்டு விடப்படுகிறது. அவ்வாறு கவனிக்கப்படாமல் கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறும் தொற்று, நாட்பட்ட அடிவயிற்று வலியையும், குழந்தையின்மையையும், கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தையும் விட்டுச் செல்கிறது. பிரசவத்தின்போது குழந்தையின் கண்களில் பட்டால் பார்வை பறிபோகலாம். எச்ஐவி தொற்றுவதற்கான வாய்ப்பையும் இந்நோய் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே 8.2 கோடி புதிய கொனோரியா தொற்றுகள் ஏற்பட்டன. அதோடு கிளமிடியா 12.9 கோடி, சிபிலிஸ் 71 லட்சம், ஒட்டுண்ணியால் வரும் டிரைக்கோமோனியாசிஸ் 15.6 கோடி. மருந்தால் முற்றிலும் குணப்படுத்தக்கூடிய இந்த நான்கு பால்வினை நோய்களும் சேர்ந்து ஓராண்டில் 37.4 கோடி.

தமிழில் இந்நோய்களுக்குப் பெயர்கள் பல உண்டு. வெட்டை, மேகவெட்டை, மேகப்புண், கிரந்தி என்று வைத்திய மரபு வகைப்படுத்தி வைத்திருக்கிறது. சிபிலிசுக்குப் பரங்கிப்புண் என்றும் ஒரு பெயர். கடல் கடந்து வந்த பரங்கியரோடு அது வந்தது என்ற நினைவு அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது, அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்ட கிழங்கும் பரங்கிப்பட்டை ஆயிற்று. வர்மமும் சித்த மருத்துவமும் ஆழ வேரூன்றிய இந்த மாவட்டத்தில், ஆசான்மாரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்ட தலைமுறைகளின் நினைவு இன்னும் இருக்கிறது. வெட்டை என்ற சொல் உடற்சூட்டையும் குறிப்பதால், சீழ் வந்தால் சூடு பிடித்துவிட்டது என்று இளநீரும் நீராகாரமும் குடித்துக் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. இங்கே ஒரு மருத்துவ உண்மையைச் சொல்லியாக வேண்டும். எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும், ஆண்களுக்கு வரும் எரிச்சலும் சீழும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். ஆகவே இளநீர் குடித்தவரும், கடையில் பொருந்தாத மாத்திரை வாங்கி விழுங்கியவரும், தாம் செய்ததுதான் பலித்தது என்று நம்பிவிடுகிறார்கள். அறிகுறி அடங்கிய பின்னும் கிருமி உள்ளே இருக்கலாம், இணையருக்குப் பரவலாம். மருந்து வேலை செய்யவில்லை என்பதை நோயாளியே உணராத நிலை, மருந்தைத் தாங்கும் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிக்கு மிகவும் வசதியான நிலை.

கொனோரியாவின் சிகிச்சை வரலாறு, மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்ட வரலாறு. 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பத்தாண்டு கழிவதற்குள் அவை பெருமளவு பயனற்றுப் போயின. 1943 முதல் பெனிசிலின் அந்த இடத்துக்கு வந்தது. தொடக்கத்தில் இரண்டு லட்சம் யூனிட்டுக்கும் குறைவான பெனிசிலினே ஒருவரைக் குணப்படுத்தப் போதுமாக இருந்தது. பிறகு அதே பலனைப் பெற அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1970களில் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட அளவு 48 லட்சம் யூனிட். கிருமி படிப்படியாகத் தாங்கு திறனை வளர்த்துக்கொண்டே வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1976இல், பெனிசிலினையே சிதைத்துவிடும் நொதியைத் தயாரிக்கும் கொனோரியா கண்டறியப்பட்டபோது அந்த மருந்தின் காலம் முடிவுக்கு வந்தது. 1980களின் நடுவில் டெட்ராசைக்கிளினும் அதே வழியில் போயிற்று. பின்னர் வந்த சிப்ரோஃப்ளாக்சசின் ஊசியில்லாமல் ஒரே மாத்திரையில் குணப்படுத்தியதால் உலகெங்கும் வரவேற்கப்பட்டது. ஆசிய நாடுகளில் அது முதலில் தோற்றது, அமெரிக்கா 2007இல் அதைக் கைவிட்டது. செஃபிக்சிம் மாத்திரையை முதல்நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதை 2012இல் அமெரிக்கா நிறுத்தியது. இறுதியில் எஞ்சியது தசையில் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி. துணைக்கு, கடையில் அசித்ரோ என்று சொல்லப்படும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கும் எதிர்ப்பு கூடவே, 2020 டிசம்பரில் அமெரிக்கா அதை நீக்கி, ஊசியின் அளவை 250 மில்லிகிராமிலிருந்து 500ஆக உயர்த்தியது. பிரிட்டன் அதற்கு முன்பே 1 கிராமுக்குப் போய்விட்டது. பெனிசிலினில் நடந்த அதே அளவு கூட்டல் இப்போது கடைசி மருந்திலும் தொடங்கியிருக்கிறது என்பதை மருத்துவ உலகம் கவலையோடு கவனிக்கிறது.

இந்த ஒரு கிருமிக்கு மட்டும் இத்தனை லாவகம் எங்கிருந்து வந்தது? உள்ளே நுழையும் மருந்தை வெளியே தள்ளும் இறைப்பான் போன்ற அமைப்பு அதனிடம் இருக்கிறது. மருந்து நுழையும் துளைகளைச் சுருக்கிக்கொள்ளவும் அதனால் முடியும். மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தையே உருமாற்றிக்கொள்ளவும் முடியும். இவை மூன்றும் வேறு பல பாக்டீரியாக்களிடமும் உண்டு. கொனோரியாவைத் தனித்துக் காட்டுவது வேறொன்று: தன்னைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பிற பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை, தன் வாழ்நாளின் எந்தக் கட்டத்திலும் உள்வாங்கித் தன் மரபணுவோடு இணைத்துக்கொள்ளும் திறன். கிடைக்கும் எல்லா டிஎன்ஏவையும் அது அப்படி ஏற்பதில்லை. தன் இனத்தாரின் அடையாளக் குறி உள்ளதையே விரும்பி ஏற்கிறது. ஓலை பிய்ந்த கூரைக்கு, அதே அளவில் முடைந்த ஓலையைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துச் செருகிக்கொள்வது போன்றது இது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

நைசீரியா குடும்பத்தில் நோய் உண்டாக்காத பல இனங்கள் உள்ளன. அவை நம் எல்லோருடைய தொண்டையிலும், குழந்தை முதல் முதியவர் வரை, எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கின்றன. ஒருவர் தொண்டை வலிக்கோ, காய்ச்சலுக்கோ, பல் வலிக்கோ ஆன்டிபயாடிக் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மருந்தை இந்தச் சாதுவான பாக்டீரியாக்களும் எதிர்கொள்கின்றன. தாங்க முடிந்தவை பிழைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டு, மருந்தைத் தாங்கும் மரபணுத் துண்டுகள் அவற்றிடம் சேர்ந்துகொண்டே வருகின்றன. வாய்வழிப் பாலுறவின் மூலம் கொனோரியா கிருமி தொண்டைக்கு வந்து சேரும்போது, அந்தத் துண்டுகள் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் இரண்டும் பற்றிக்கொள்ளும் புரதத்தை உருவாக்கும் மரபணு, எதிர்ப்பு பெற்ற கொனோரியாவில் வெவ்வேறு நைசீரியா இனங்களின் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது போல் காணப்படுகிறது. அந்தப் புரதம் அறுபது இடங்கள் வரை மாறியிருக்கலாம். இத்தனை மாற்றங்கள் ஒரே கிருமிக்குள் ஒவ்வொன்றாகத் தற்செயலாக நிகழ்வதற்கு யுகங்கள் ஆகும். தொண்டையில் குடியிருக்கும் உறவினர்களிடமிருந்து அவை மொத்தமாகக் கிடைத்திருக்கின்றன.

தொண்டையில் தங்கும் கொனோரியா பெரும்பாலும் வலியோ புண்ணோ உண்டாக்குவதில்லை. மருந்துகளும் அங்கே போதுமான செறிவில், போதுமான நேரம் தங்குவது கடினம். உயர்ந்த செஃப்ட்ரையாக்சோன் எதிர்ப்புடன் உலகில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கொனோரியா, 2009இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. 2018இல் பிரிட்டனில் ஒருவருக்கு, தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிய கொனோரியா செஃப்ட்ரையாக்சோனுக்கும் அசித்ரோமைசினுக்கும் ஒருசேரக் கட்டுப்படாததாக இருந்தது. முதல் ஊசிக்குப் பின் சிறுநீர்ப் பாதையில் கிருமி மறைந்தது, தொண்டையில் மறையவில்லை. வேறொரு ஊசியும் தொண்டையில் தோற்றது. மருத்துவமனைகளில் உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்காக ஒதுக்கி வைக்கப்படும் எர்ட்டாபெனெம் என்ற மருந்தை மூன்று நாட்கள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றிய பிறகே அது ஒழிந்தது.

இப்போது நம் மெடிக்கல் கடைக்குத் திரும்பலாம். இந்திய அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, பால்வினை நோய்களுக்கு அறிகுறி அடிப்படையிலான சிகிச்சை முறையை நெடுங்காலமாக நடைமுறைப்படுத்தி வருகிறது. ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியைப் பார்த்து, நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களில் பொருத்தமானதைக் கொடுக்கும் முறை அது. சீழ் வடிதலுக்கு நீண்ட காலம் வழங்கப்பட்டு வந்த சாம்பல் நிறப் பொட்டலத்தில் இருந்தவை இரண்டு மருந்துகள்: 400 மில்லிகிராம் செஃபிக்சிம், 1 கிராம் அசித்ரோமைசின். நாட்டின் தனியார் மருந்துச் சந்தையில் 2019ஆம் ஆண்டு விற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அதிகம் உட்கொள்ளப்பட்ட மருந்து வடிவங்களை வரிசைப்படுத்தியது. முதலிடத்தில் இருந்தது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை, மொத்தத்தில் 7.6 விழுக்காடு. இரண்டாம் இடத்தில் செஃபிக்சிம் 200 மில்லிகிராம் மாத்திரை, 6.5 விழுக்காடு. வெட்டை நோய்க்கென்று பொட்டலம் கட்டி வைத்த அதே இரண்டு மருந்துகளைத்தான் இந்த நாடு சளிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் மற்ற எதையும்விட அதிகமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கலக்கம் இன்னும் அகலவில்லை. அது கொரோனாவுக்கு முந்தைய ஆண்டின் கணக்கு என்பதையும், தொற்றுக் காலத்தில் அசித்ரோமைசின் எத்தனை வீடுகளில் எத்தனை முறை வாங்கப்பட்டது என்பதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

அசித்ரோமைசினுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மூன்று நாள் மாத்திரை என்று கடையில் சொன்னாலும், உடலை விட்டு அது மூன்று நாளில் போய்விடுவதில்லை. உடலிலுள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகிறது. திசுக்களில் வாரக்கணக்கில் தங்குகிறது. நோயாளிக்கு இது வசதி, குறைந்த மாத்திரைகளே போதும். ஆனால் மருந்தின் செறிவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் அந்த நீண்ட வால்பகுதியில், கிருமியைக் கொல்லப் போதாததும், தாங்க முடிந்தவற்றைத் தேர்ந்தெடுக்கப் போதுமானதுமான அளவு தொண்டையிலும் பிற இடங்களிலும் இருந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான தொண்டை வலியும் சளிக்காய்ச்சலும் வைரசால் வருபவை என்பதால், அவற்றின் மீது இந்த மருந்துக்கு எந்த வேலையும் இல்லை. மூன்று மாத்திரை வாங்கியவருக்குக் காய்ச்சல் குணமானது தானாகக் குணமாகும் நாள் வந்ததால்.

உலகக் கண்காணிப்பின் அண்மைய எண்கள் இதன் விளைவைக் காட்டுகின்றன. இந்தியாவும், நம் மாவட்டத்தார் பலர் பிழைப்புக்குச் செல்லும் கத்தாரும் உட்பட 12 நாடுகள் 2024ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கொனோரியா எதிர்ப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தரவுகளை அளித்தன. 2022க்கும் 2024க்கும் இடையே செஃப்ட்ரையாக்சோன் எதிர்ப்பு 0.8 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கும், செஃபிக்சிம் எதிர்ப்பு 1.7 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காட்டுக்கும் உயர்ந்திருந்தன. கம்போடியாவிலும் வியட்நாமிலும் நிலைமை மிக மோசம். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு 95 விழுக்காடு. நீர்க்கடுப்பு என்று வெட்கத்தோடு தாழ்ந்த குரலில் சொல்பவருக்குக் கடையில் கையில் கொடுக்கப்படும் மாத்திரை பல நேரங்களில் இந்தச் சிப்ரோஃப்ளாக்சசினாகவோ அதன் உறவினரான நார்ஃப்ளாக்சசினாகவோ இருப்பது கவலைக்குரியது. அந்த நீர்க்கடுப்பு வெட்டை நோயாக இருந்துவிட்டால் அந்த மாத்திரை ஏறத்தாழ நிச்சயமாகப் பலிக்காது. எரிச்சல் நாளடைவில் தானாக அடங்கியதும், குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும்.

எல்லாப் பால்வினைக் கிருமிகளும் ஒரே பாதையில் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளமிடியா இன்றும் டாக்சிசைக்கிளினுக்கு, ஏழு நாட்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால், கட்டுப்படுகிறது. மைக்கோப்ளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற மிகச் சிறிய பாக்டீரியாவோ அதற்கு நேர்மாறு. அதற்குச் செல் சுவரே கிடையாது, எனவே செல் சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகளும் செஃபிக்சிமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஒரே வேளை 1 கிராம் அசித்ரோமைசின் அதில் எதிர்ப்பை வளர்த்துவிடுகிறது.

சிபிலிசின் கதை முற்றிலும் வேறானது, என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டும், டிரெப்பொனீமா பாலிடம் என்ற அந்தச் சுருள் கிருமியிடம் பெனிசிலின் எதிர்ப்பு இதுவரை ஆவணப்படுத்தப்படவில்லை. தொடக்க நிலைச் சிபிலிசுக்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின், ஒரே முறை. மருந்தும் விலை மலிவு. ஆனால் பெனிசிலின் ஒவ்வாமையால் அரிதாக ஏற்படும் உயிராபத்தை அஞ்சி, அந்த ஊசியைப் போடவே தயங்கும் தனியார் கிளினிக்குகள் ஏராளம். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவசரச் சிகிச்சைக்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் போடக்கூடாத ஊசிதான் அது. ஆனால் அதற்கு மாற்றாக அசித்ரோமைசின் மாத்திரை எழுதிக் கொடுப்பது தவறு. அந்த மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற சிபிலிஸ் கிருமி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் கண்டறியப்பட்டது; கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற அமைப்பின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து பற்றாது. பல நாடுகளில் இன்று பெரும்பாலான சிபிலிஸ் கிருமிகளிடம் அந்த மாற்றம் உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றிலுள்ள குழந்தையையும் சேர்த்துக் காப்பாற்றும் நம்பகமான மருந்து பெனிசிலின் ஒன்றே. கர்ப்ப காலத்தில் அரசு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் பரிசோதனையும் சேர்க்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். அந்த முடிவு தாளில் கிடந்துவிடாமல் ஊசியாக மாற வேண்டும்.

குமரியின் வாழ்க்கை முறை இங்கே ஒரு குறிப்பான சிக்கலைக் கொண்டுவருகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் விசைப்படகுகளில் புறப்பட்டால் ஒரு மாதமும் அதற்கு மேலும் கடலிலேயே இருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குச் சென்றவர்கள் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத்தான் வருகிறார்கள். பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் இந்தக் குடும்பங்களின் மீது எந்தக் களங்கத்தையும் சுமத்துவது என் நோக்கம் அல்ல. பால்வினை நோய் எல்லாத் தொழிலிலும் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நான் சொல்ல வருவது சிகிச்சை பற்றியது. இந்நோய்களில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பயனில்லை, அவருடைய இணையருக்கும் ஏறத்தாழ அதே சமயத்தில் கொடுக்க வேண்டும். மனைவி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து வாங்கிச் சாப்பிடும் வாரத்தில் கணவர் நடுக்கடலிலோ தோஹாவிலோ இருந்தால், அவர் திரும்பியதும் நோயும் திரும்புகிறது. அப்போது மருத்துவர் முன் இரண்டு சாத்தியங்கள் நிற்கின்றன: மருந்து தோற்றதா, அல்லது மறுபடியும் தொற்றியதா? இரண்டும் நோயாளியின் பார்வையில் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறியாமல் இன்னும் வலுவான மருந்துக்குத் தாவினால், தேவையில்லாத இடத்தில் கடைசி மருந்தைச் செலவழித்தவர்கள் ஆவோம். எதிர்ப்புள்ள கிருமியை மறுதொற்று என்று எண்ணிப் பழைய மருந்தையே கொடுத்தால் அது பரவ வழிவிட்டவர்கள் ஆவோம்.

பிரித்தறிய ஆய்வகம் வேண்டும். சீழை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, கிராம் என்ற முறையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் பிளந்த காப்பிக்கொட்டைகளை எதிரெதிரே வைத்தது போல் இணை இணையாகக் கிருமிகள் தெரியும். அறிகுறியுள்ள ஆண்களுக்கு இந்த எளிய, மலிவான பரிசோதனை மிகவும் நம்பகமானது. இது எந்த வட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று அறிய, கிருமியை வளர்த்தாக வேண்டும். கொனோரியா வளர்வது கடினம். காய்ச்சிய ரத்தம் கலந்ததால் பழுப்பு நிறமேறிய, அந்த நிறத்தால் சாக்லேட் அகார் என்றே பெயர் பெற்ற ஊடகம் அதற்கு வேண்டும். ஐந்து விழுக்காடு அளவில் கரியமில வாயு வேண்டும். உடல் வெப்பத்தை ஒட்டிய சூடு வேண்டும். பஞ்சுக்குச்சி காய்ந்தால் கிருமி செத்துவிடும். கடற்கரை ஊர் ஒன்றில் காலையில் எடுத்த மாதிரி, பேருந்தில் நாகர்கோவிலுக்கு வந்து, மதியம் மேசையில் காத்திருந்தால் அதில் எதுவும் வளராது. இப்போது பரவலாகும் மரபணுப் பரிசோதனைகள் கிருமி இருக்கிறதா என்று துல்லியமாகச் சொல்கின்றன, இறந்த கிருமியையும் கண்டுபிடிக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைச் சொல்வதில்லை. வளர்ப்பை அவற்றுக்காகக் கைவிட்டால் எதிர்ப்பு எங்கே பரவுகிறது என்பதைக் காணும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

அறிகுறி அடிப்படையிலான சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவாரா என்று தெரியாத நிலையில், அன்றே, கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்வது பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் குறை, அறிகுறியில்லாத பெண்களையும் தொண்டைத் தொற்றையும் அது காண முடியாததே. அரசு மருத்துவமனைகளில் சுரக்ஷா கிளினிக் என்ற பெயரில் இயங்கும் பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். விவரங்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இவையெல்லாம் இருந்தும் மெடிக்கல் கடைக்கே முதலில் போகிறோம் என்றால், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்களில் ஆஸ்பத்திரி வரிசையில் தன் தெருக்காரர் ஒருவரைச் சந்தித்துவிடும் அச்சமே பெரும் காரணம். அந்த அச்சத்தைப் போக்காமல் கடைக்காரரை மட்டும் பழிப்பது நியாயமாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் செஃபிக்சிமும் செஃப்ட்ரையாக்சோனும் உள்ளன. மருத்துவச் சீட்டின்றி அவற்றை விற்கக்கூடாது. விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்பதை அட்டையின் ஓரத்திலுள்ள செங்குத்தான சிவப்புக் கோடு சொல்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசு 2018இல் மருந்து எதிர்ப்புக்கென ஒரு செயல்திட்டத்தைத் தொடங்கியது. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அமிர்த்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனைகளை நடத்தியது. எல்லையின் இரு புறமும் பொருந்துவது ஒரே மத்தியச் சட்டம். மருத்துவத்துக்காகத் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் மக்கள் மாறி மாறிப் போய்வரும் பகுதியில், ஒரு பக்கம் இறுக்கியும் மறு பக்கம் தளர்த்தியும் அதை நடைமுறைப்படுத்தினால் பெரும் பலன் இருக்காது.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. லாப நோக்கற்ற ஓர் உலகக் கூட்டமைப்பு முன்னின்று, தென்னாப்பிரிக்காவும் தாய்லாந்தும் உட்பட ஐந்து நாடுகளில் 930 பேரிடம் சோதித்த சோலிஃப்ளோடாசின் அவற்றில் ஒன்று. தண்ணீரில் கரைத்து ஒரே வேளையில் குடிக்கும் மருந்து. மற்றொன்று ஜெப்போட்டிடாசின், மாத்திரை வடிவிலானது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நெருங்கிய உறவுக் கிருமிக்கான தடுப்பூசி கொனோரியாவையும் ஓரளவு தடுக்கிறது என்று நியூசிலாந்துத் தரவுகளிலிருந்து 2017இல் தெரியவந்தது. அங்கே கணக்கிடப்பட்ட பாதுகாப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு. இங்கிலாந்து 2025 ஆகஸ்டில், தொற்றும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அந்த வகைத் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது.

இந்த இரு புதிய மருந்துகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. சோலிஃப்ளோடாசின் கொனோரியாவுக்காகவே உருவாக்கப்பட்டு, அதற்காகவே சோதிக்கப்பட்டது. ஜெப்போட்டிடாசினுக்கு அமெரிக்கா 2025 மார்ச்சில் முதலில் கொடுத்த அனுமதி, பெண்களின் சாதாரணச் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கானது, அதாவது நம் ஊர் மெடிக்கலில் நீர்க்கடுப்பு என்று சொல்லிக் கேட்கப்படும் அதே தொல்லைக்கானது. நாளை அது இங்கே வரும்போது, எச்1 பதிவேட்டில் பெயர் எழுதி வாங்கும் மருந்தாக வருமா, அசித்ரோவுக்கும் சிப்ரோவுக்கும் அடுத்த தட்டில் கத்தரிக்கோலோடு காத்திருக்கும் அட்டையாக வருமா என்பதை, மருந்து வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.